விண்ணப்பம் போட்ட பிறகு போன் பண்ணலாமா? காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் வேலை தேடுபவர்களுக்கு

#1 செக்காலை ரோடு

பயோடேட்டா கொடுத்தாச்சு, அல்லது இன்டர்வியூவே முடிஞ்சாச்சு. பதில் வரலை. அப்ப போன் போட்டு விசாரிக்கிறது நல்லதா, கெடுதலா? நம்ம பக்கம் ரெண்டு விதமாவும் சொல்றாங்க. போன் போட்டாத்தான் அக்கறை இருக்குன்னு தெரியும்னு ஒரு கட்சி. போட்டா நச்சரிக்கிறான்னு பேரை அடிச்சிடுவாங்கன்னு இன்னொரு கட்சி. ஜவுளிக்கடை, பாரம்பரிய வீட்டு விடுதி, அரிசி ஆலை, தனியார் பள்ளி, சென்னைக் கம்பெனி, சிங்கப்பூர் ஏஜென்சி, அரசு வேலை எல்லாத்துக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. யாருக்கு, எப்ப, எத்தனை தடவை, என்ன பேசணும்னு தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

#2 கல்லாப்பெட்டி

கடை வேலைன்னா போடணும். ஆனா அந்தப் பக்கம் போனை எடுக்கப்போறது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடணும். பாதி பேர் தப்புப் பண்றது இந்த இடத்துலதான்.

"ஆட்கள் தேவை"ன்னு கடை வாசல்ல ஒட்டியிருக்கிற தாள்ல இருக்கிற நம்பர் மூணு விதம். ஒண்ணு முதலாளியோட செல். ரெண்டு மேனேஜர் இல்ல கணக்குப்பிள்ளையோட செல். மூணாவது 04565-ல ஆரம்பிக்கிற கடை லேண்ட்லைன். லேண்ட்லைனை எடுக்கிறது பில் போடுற பிள்ளை. அதுகிட்ட "என் பயோடேட்டா என்னாச்சு"ன்னு கேட்டா அதுக்குத் தெரியாது. "தெரியலைங்க"ன்னு வச்சிடும், நீங்க பதில் இல்லைன்னு எடுத்துக்குவீங்க. அங்க கேட்க வேண்டியது ஒண்ணுதான்: "ஆள் எடுக்கிற விஷயமா யார்கிட்ட பேசணும், எத்தனை மணிக்குப் பேசலாம்?"

நேரம் முக்கியம். காலையில கடை திறந்து, சாமிக்கு விளக்கேத்தி, முதல் போணி ஆகுற வரைக்கும் போடாதீங்க. வேலை கேட்டு வர்ற போனை அந்த நேரத்துல எந்த முதலாளியும் விரும்பி எடுக்க மாட்டார். சாயங்காலம் ஆறுக்கு மேல கூட்டம், ஒன்பதுக்கு மேல கல்லா எண்ணுற நேரம். பதினொண்ணுலேருந்து பன்னிரண்டரை, இல்லைன்னா மூணுலேருந்து நாலரை நல்ல நேரம். வெள்ளிக்கிழமைன்னா 10.30 முதல் 12 வரைக்கும் ராகுகாலம், செவ்வாய்க்கிழமை 3 முதல் 4.30. நம்ப வேண்டியது நீங்க இல்லை, அவர். "வாங்க, சேர்ந்துக்கங்க"ங்கிற வார்த்தையை அந்த ஒன்றரை மணி நேரத்துல சொல்லாத முதலாளிகள் இங்க நிறைய. முகூர்த்த நாள், ஆடித் தள்ளுபடி வாரம், தீபாவளிக்கு முந்தின பதினைஞ்சு நாள் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் ஆடியில புது ஆள் சேர்க்க மாட்டாங்க. ஆடியில போய் நின்னுட்டு வேலை இல்லை போலன்னு விட்டுடாதீங்க, ஆவணி பொறந்ததும் ஒரு தடவை கேளுங்க.

பேச வேண்டியது நாற்பது விநாடி: "வணக்கம் சார். கழனிவாசல்லேருந்து (உங்க பேர்) பேசுறேன். பில்லிங் வேலைக்குப் போன வியாழக்கிழமை கடையில பயோடேட்டா கொடுத்திருந்தேன். இப்பப் பேசலாமா, இல்ல வேற நேரம் கூப்பிடட்டுமா?" பேரு, ஊரு, எந்த வேலை, என்னிக்குக் கொடுத்தது, நாலும் முதல் மூச்சுலயே வந்துடணும். "சார், நான்தான் அன்னைக்கு வந்தேன்ல"ன்னா அவருக்கு எப்படித் தெரியும்? அன்னைக்குப் பத்துப் பேர் வந்திருப்பாங்க.

#3 எச்.ஆர். மேசை

மேலே எழுதியது கடைக்குச் சரி. கம்பெனி என்றால் நான் எதிர்க்கட்சி. அண்ணன் சொன்ன முறையில் சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள நிறுவனத்துக்குப் போன் போட்டால் பயன் இல்லை.

காரணம் எளிது. நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளம் வழியாகவோ நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ போட்ட விண்ணப்பம் ஒரு மென்பொருளுக்குள் போகிறது. அதில் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு நிலை இருக்கும்: வந்தது, பார்த்தாச்சு, தேர்வுப் பட்டியல், நேர்காணல், நிறுத்திவைப்பு. அந்த நிலையை மாற்றுவது ஆள் வேண்டும் என்று கேட்ட துறைத் தலைவரின் பதில். போன் எடுக்கும் ரெக்ரூட்டருக்கு (ஆள் எடுக்கும் அலுவலருக்கு) அந்தப் பதில் வராதவரை அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. விண்ணப்பம் போட்ட மறுநாளே "கிடைத்ததா?" என்று கூப்பிடுவது வீண், கிடைத்ததற்கான தானியங்கி மெயில் ஏற்கெனவே உங்கள் பெட்டியில் இருக்கும், ஸ்பாம் பக்கத்தைப் பாருங்கள்.

போன் போட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. கொடுத்த நேர்காணல் தேதியில் வர முடியாத நிலை. கேட்ட சான்றிதழ் தளத்தில் ஏறவில்லை, கடைசி நாள் நெருங்குகிறது. இன்னொரு இடத்தில் ஆஃபர் வந்துவிட்டது, அதற்குப் பதில் சொல்ல மூன்று நாள்தான் இருக்கிறது. சேரும் தேதி மாற வேண்டும். இவற்றில் உங்கள் போன் அவர்களுக்கும் ஒரு தகவலைக் கொண்டுபோகிறது. அதனால்தான் நல்ல வரவேற்பு இருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. காலைப் பத்து மணிக்குச் சென்னையில் நேர்காணல் என்று மெயில் வந்தால், காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலைப் பிடித்தாலும் எழும்பூர் சேர மதியம் ஆகிவிடும். மெயில் வந்த அன்றே கூப்பிட்டு "காரைக்குடியிலிருந்து வருகிறேன், மூன்று மணிக்கு மாற்றித் தர முடியுமா, அல்லது முதல் சுற்றை வீடியோவில் வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். தயங்க வேண்டாம். முதல் சுற்று பெரும்பாலும் வீடியோவுக்கு மாறும். முந்தின நாள் இரவு கூப்பிட்டால் மாறாது.

நேர்காணல் முடிந்து எழும்போதே "முடிவு எப்போது தெரியும், யாரிடமிருந்து வரும்?" என்று கேட்டுவிடுங்கள். "அடுத்த புதன்" என்றால் புதன் வரை மூச்சு விடக் கூடாது. வெள்ளிக்கிழமை ஒரு மெயில். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த செவ்வாய் ரெக்ரூட்டருக்கு ஒரே ஒரு போன். கேள்வி கேட்ட மேலாளரின் நம்பரை லிங்க்ட்இன் வழியாகத் துருவி எடுத்து அவரைக் கூப்பிடுவது பெரிய தவறு. அவர் அடுத்த நிமிடம் எச்.ஆரைக் கூப்பிட்டு "என் நம்பரை யார் கொடுத்தது?" என்று கேட்பார்.

#4 செக்காலை ரோடு

நல்ல விவரம். கடைகள்ல "சொல்லி அனுப்புறோம்"னு முடிச்சிடுறாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?

#5 கல்லாப்பெட்டி

வேண்டாம்னும் இருக்கலாம், முதலாளி ஊர்ல இல்லைன்னும் இருக்கலாம். நம்ம வட்டாரத்துல ரெண்டாவதுதான் அதிகம். கடை இங்க இருக்கும், முதலாளி சென்னையிலயோ மலேசியாவுலயோ இருப்பார். மேனேஜர் ஆளைப் பார்த்து வைப்பார், சம்பளம் பேசி முடிக்கிறது முதலாளி. கோயில் திருவிழா, படைப்பு (முன்னோருக்குப் படைக்கிற சடங்கு), கல்யாணம்னு ஊருக்கு வரும்போது எல்லாத்தையும் மொத்தமா முடிப்பார். அதனால மேனேஜரைக் கூப்பிட்டு "என்னாச்சு"ன்னு கேட்காம, "முதலாளி எப்ப ஊருக்கு வர்றாங்க, அப்ப நேர்ல வந்து பார்க்கட்டுமா?"ன்னு கேளுங்க. இது மேனேஜரால பதில் சொல்லக்கூடிய கேள்வி. தேதி சொன்னார்னா உங்க பேர் இன்னும் பட்டியல்ல இருக்கு. "அதெல்லாம் பார்த்துச் சொல்றேன்"னு ரெண்டாவது தடவையும் சொன்னார்னா விட்டுட்டு வேற கடை பாருங்க. மூணாவது போன் வேண்டாம்.

#6 கானாடுகாத்தான் வரவேற்பறை

விடுதி வேலைக்கு இன்னொரு கணக்கு இருக்கு. இணையத்துல கிடைக்கிற நம்பர் முன்பதிவு நம்பர். பல விடுதிகளுக்கு அந்தப் போன் சென்னை அலுவலகத்துல அடிக்கும். அறை விலை சொல்லத் தெரியும், ஆள் எடுக்கத் தெரியாது. "கானாடுகாத்தான் யூனிட் மேனேஜரோட பேசணும், வேலை விஷயம்"னு முதல்லயே சொல்லி நம்பர் வாங்கிக்கங்க.

நேரம்: காலைப் பலகாரமும் செக்அவுட்டும் முடிய 11.30 ஆகிடும். அப்புறம் மதியச் சாப்பாடு, அதோட செக்இன். மூணரைக்கு மேல அஞ்சுக்குள்ள கூப்பிட்டா மேனேஜர் உட்கார்ந்து பேசுவார், சமையல்கட்டும் அப்பத்தான் ஓய்ஞ்சிருக்கும். சீசன் நவம்பர்லேருந்து பிப்ரவரி. ஆளை செப்டம்பர், அக்டோபர்ல எடுத்துப் பழக்கிடுவாங்க. டிசம்பர் கடைசியில போன் போட்டா பேசவே ஆள் இருக்காது.

வரவேற்பு மேசை வேலைக்கு நீங்க போடுற போனே முதல் பரீட்சை. சொல்லாமலேயே ஆங்கிலத்துக்கு மாத்திப் பேசிப் பார்ப்பாங்க. "ஒன் மினிட் சார்"னுட்டு அக்காகிட்ட போனைக் கொடுத்தா அதோட முடிஞ்சுது. இலக்கணம் பெருசில்லை. நிதானமாப் பேசுறீங்களா, பேரைச் சரியாத் திருப்பிச் சொல்றீங்களா, சொன்ன தேதியை நீங்களே ஒரு தடவை உறுதிப்படுத்துறீங்களா, அதைத்தான் கவனிப்பாங்க.

சமையல் வேலைன்னா போன்ல கேட்க வேண்டியது: சமைச்சுக் காட்டுற ட்ரையல் எத்தனை பேருக்கு, என்னென்ன பதார்த்தம், மசாலா அவங்க அரைச்சு வச்சதா, நாமளே வறுத்து அரைக்கணுமா? இதைக் கேட்காமப் போறவங்க, கறிக்குழம்புக்கு மல்லி, மிளகாய் வறுக்கிறதுலயே ஒரு மணி நேரத்தை விட்டுட்டு, பத்துத் தட்டு வெளியே போக வேண்டிய நேரத்துல மூணு தட்டோட நிப்பாங்க. தங்க இடம் உண்டா, வேலை நேரம் ஒரே மூச்சா, இல்ல காலையும் ராத்திரியுமா ரெண்டு துண்டா, வாரம் எந்த நாள் லீவு, இதையும் அதே போன்ல கேட்கலாம். சம்பளத்தை அவங்களா எடுக்கிற வரைக்கும் நேர்ல போகும்போது வச்சுக்கங்க.

#7 தேர்வு அறை

அரசு வேலைக்கு: கூடாது. காரைக்குடி சிக்ரி (மின்வேதியியல் ஆய்வகம்) மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவனம். அந்த நிறுவனங்களின் அறிவிப்புகளில் இரண்டு வரி வழக்கமாக இருக்கும். இடையில் விசாரித்தால் பதில் தரப்படாது என்பது ஒன்று, எந்த வகையில் சிபாரிசு தேடினாலும் தகுதி நீக்கம் என்பது இன்னொன்று. அறிவிப்பைக் கடைசிப் பக்கம் வரை படிக்காமல், திட்ட வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு அந்த ஆய்வுக்கூட விஞ்ஞானியின் அறைக்குப் போன் போடுகிறவர்கள் இந்த இரண்டாவது வரிக்குள் தாங்களே போய் விழுகிறார்கள்.

டி.என்.பி.எஸ்.சி., ரேஷன் கடை விற்பனையாளர், கட்டுநர் வேலைகளுக்கான மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் இதுவேதான். கட்டணம் வங்கியில் பிடித்துவிட்டது, தளத்தில் ஏறவில்லை. ஹால் டிக்கெட் இறங்கவில்லை. பெயரில் எழுத்துப் பிழை. இவற்றுக்கு மட்டும் அறிவிப்பில் கொடுத்திருக்கும் உதவி எண். கூப்பிடும்போது பதிவு எண்ணும் பணம் கட்டிய எண்ணும் கையில் இருக்கட்டும். பேசி முடித்ததும் அதையே மெயிலிலும் எழுதிவிடுங்கள். பின்னால் கேள்வி வந்தால் போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது, மெயிலுக்கு உண்டு.

#8 கோட்டையூர்

வேலை தேடும் பெண்களுக்கு ஒரு சங்கடம். போன் போட்டால் நம்பர் அங்கே பதிவாகிவிடுகிறது. பிறகு ராத்திரி வாட்ஸ்அப்பில் தேவையில்லாத செய்தி வரும் என்ற பயத்தில் வீட்டில் அப்பாவையோ அண்ணனையோ பேசச் சொல்கிறார்கள். அது சரியா?

#9 கல்லாப்பெட்டி

தங்கச்சி, பயம் நியாயமானது. அதுக்காக அப்பா பேசினா வேலை கைநழுவும். "நாளைக்கு ஒரு கஸ்டமர்கிட்ட இந்தப் பொண்ணு பேசுமா?"ங்கிற கேள்விதான் முதலாளி மனசுல வரும். பேசுறது நீங்களா இருக்கணும், கூட வர்றது அப்பாவா இருக்கலாம். நம்ம ஊர்ல முதல் நாள் வீட்டு ஆளோட வர்றதை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

#10 எச்.ஆர். மேசை

இதில் அண்ணனோடு முழுக்க உடன்படுகிறேன். நம்பர் விஷயத்துக்குச் சில வழிகள். வேலை தேட மட்டும் இரண்டாவது சிம் வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் படம், ஸ்டேட்டஸ், கடைசியாகப் பார்த்த நேரம் மூன்றையும் "என் தொடர்புகள்" மட்டும் பார்க்கும்படி மாற்றி, நீங்கள் கூப்பிட்ட கடை, கம்பெனி நம்பர்களைச் சேமிக்காமல் விட்டால் படம் தெரியாது. முடிந்தவரை லேண்ட்லைனுக்கே கூப்பிடுங்கள். "விவரத்தை மெயிலில் அனுப்ப முடியுமா?" என்று கேட்பது எந்த வேலைக்கும் மரியாதையான கேள்விதான். அலுவலக நேரத்துக்குப் பிறகு வேலைக்குத் தொடர்பில்லாத செய்தி ஒன்று வந்தாலும் பதில் போடாமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சேருவதற்கு முன்பே அப்படி என்றால் சேர்ந்த பிறகு குறையாது.

மறுமுனையில் பெண் எடுத்தால் "மேடம்" அல்லது "அம்மா" போதும். வீட்டு விடுதிகளில் வயதானவர் எடுத்தால் "ஆச்சி" என்று சொல்லத் தோன்றும். அவர் யாரென்று தெரியாமல் உறவு முறை வைக்க வேண்டாம்.

#11 புதுவயல் எடைமேடை

அரிசி ஆலைப் பக்கம் எழுதுறேன். அரவை ஓடும்போது செல் அடிக்கிறதே கேட்காது, எடுத்தாலும் பாதிதான் காதுல விழும். ரெண்டு தடவை அடிச்சு எடுக்கலைன்னா அவமரியாதைன்னு நினைக்காதீங்க. ஆலையில சத்தம் குறைஞ்ச இடம் எடைமேடை ரூம்தான், அந்த நம்பர் கிடைச்சா அதுக்குப் போடுங்க. ஆனா அங்கயும் மேடையில லாரி நிக்கும்போது எடுக்கிறவர் கண்ணு திரையில ஓடுற கிலோ மேலதான் இருக்கும். காதுக்கும் தோளுக்கும் நடுவுல போனை இடுக்கிக்கிட்டு ஒரு கையால சீட்டு எழுதுவார். "லாரி போனதும் கூப்பிடுறேன் அண்ணே"ன்னு நீங்களே வச்சிட்டீங்கன்னா உங்களுக்குத் தொழில் தெரியும்னு அவருக்குப் புரிஞ்சிடும்.

தை, மாசி நெல் வரத்து நேரம். ஆள் தேவையும் அப்பத்தான், பேச நேரம் இல்லாததும் அப்பத்தான். அரிசியைத் தரம் பிரிக்கிற சார்டெக்ஸ் மெஷின் ஓட்டத் தெரியும், கணக்கு எழுதுற டேலி தெரியும்னா அதை முதல் வரியிலயே சொல்லிடுங்க. மத்த வேலைக்குப் போன் எதுக்கு? காலையில வண்டியை எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க.

ஆத்தங்குடி டைல் பட்டறையும் அப்படித்தான். கண்ணாடி மேல அச்சை வச்சுக் கலர் ஊத்திக்கிட்டிருக்கிறவர் கையெல்லாம் சிமெண்ட், எப்படிப் போனை எடுப்பார்? நேர்ல போய் ஓரமா நின்னு, அந்தக் கல்லை எடுத்து வச்சதும் பேசுங்க.

#12 கரும்பலகை

தனியார் பள்ளி: மார்ச் முதல் மே வரை ஆள் எடுப்பார்கள், ஜூனில் பள்ளி திறந்துவிடும். முதல்வரின் செல்லுக்கு வேண்டாம், பள்ளி அலுவலக எண்ணுக்குப் போடுங்கள். மாதிரி வகுப்புக்கு அழைத்திருந்தால் போன் அவசியம்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை நிமிடம், மெட்ரிக்கா சி.பி.எஸ்.இ.யா, கேட்கப்போவது மாணவர்களா ஆசிரியர்களா? ஏழாம் வகுப்புக்குத் தயாராகி வந்தவரைப் பத்தாம் வகுப்பில் நிறுத்தும் குழப்பம் ஒரு நிமிடப் போனில் தீரும். அசல் சான்றிதழைப் பள்ளியில் வைத்துக்கொள்வார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். "வைத்துக்கொள்வோம்" என்றால் யோசித்துச் சேருங்கள்.

#13 தேவகோட்டை ரஸ்தா

வெளிநாட்டு வேலை பற்றி யாரும் எழுதவில்லை. இங்கே நிலைமை தலைகீழ். கம்பெனியைக் கூப்பிடலாமா என்று தயங்கவே கூடாது, கூப்பிட்டுத்தான் பணம் கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முதலில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அது வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் தளத்தில் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400. அதற்கு ரசீது உண்டு. லட்சக்கணக்கில் ரொக்கமாகக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். சிங்கப்பூர் என்றால் கொள்கையளவு ஒப்புதல் கடிதத்தை (ஐ.பி.ஏ.) வாங்கி, அதில் உள்ள விவரத்தை அந்நாட்டு மனிதவள அமைச்சகத் தளத்தில் சரிபாருங்கள். பிறகு கம்பெனிக்குப் போன். ஏஜென்ட் கொடுத்த நம்பருக்கு வேண்டாம், கம்பெனியின் சொந்தத் தளத்தில் உள்ள நம்பருக்குப் போடுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை பத்து என்றால் இங்கே ஏழரை. கேட்க வேண்டியது: இந்தப் பெயரில், இந்த வேலைக்கு, இந்த அடிப்படைச் சம்பளத்துக்கு நீங்கள் ஆள் எடுக்கிறீர்களா? ஆம், இல்லை என்ற பதில் போதும்.

உள்ளூரிலும் "வேலை உறுதி, சீருடைக்கும் பதிவுக்கும் 2,000 அனுப்புங்கள்" என்று போன் வந்தால் அது வேலை இல்லை. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு.

#14 எச்.ஆர். மேசை

விடுபட்ட பக்கம் ஒன்று: அவர்கள் உங்களைக் கூப்பிடும்போது. நிறைய வாய்ப்பு இங்கேதான் போகிறது. பயோடேட்டாவில் உள்ள நம்பர் ரீசார்ஜ் தீர்ந்து கிடக்கும். அல்லது அது தம்பியின் நம்பராக இருக்கும், அவனுக்கு விஷயம் தெரியாது. வேலை தேடும் மாதங்களில் தெரியாத நம்பரை எடுத்துப் பழகுங்கள். தவறவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பக் கூப்பிடுங்கள். அலுவலக நம்பராக இருந்தால் பொது வரவேற்புக்குப் போகும். "காலையில் இந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தது, கணக்காளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன்" என்று சொன்னால் இணைத்துவிடுவார்கள். பஸ்ஸில் இருந்தால் கத்திப் பேசாமல் "இருபது நிமிடத்தில் நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்தில் கூப்பிடுங்கள்.

சிபாரிசுப் போன் பற்றியும் ஒரு வார்த்தை. விண்ணப்பம் போய்ச் சேர்வதற்கு முன் தெரிந்தவர் ஒருவர் "இப்படி ஒரு பிள்ளை வருது, பாருங்கள்" என்று சொல்வது உதவும். நேர்காணலுக்குப் பிறகு வந்தால் அது நெருக்கடி.

#15 கல்லாப்பெட்டி

அதுல மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. கடையில நகையும் பணமும் கையாளுற வேலைக்கு, நேர்ல பார்த்த பிறகுதான் "பையன் எப்படி?"ன்னு முதலாளி நாலு பேர்கிட்ட விசாரிப்பார். தெரிஞ்சவர் அப்ப ஒரு வார்த்தை சொன்னா அது ஜாமீன் மாதிரி. ஆனா ஒருத்தர் போதும். மூணு பெரிய மனுஷங்க வரிசையாக் கூப்பிட்டா "இவனை நாளைக்கு ஒரு சொல் சொல்ல முடியாது"ன்னு முதலாளி பயந்துடுவார்.

#16 செக்காலை ரோடு

போனை எடுக்கலைன்னா மெசேஜ் எப்படிப் போடுறது?

#17 கானாடுகாத்தான் வரவேற்பறை

மிஸ்டு கால் கொடுத்துட்டுக் காத்திருக்காதீங்க. முழுசா ஒரு தடவை அடிக்க விடுங்க. எடுக்கலைன்னா அஞ்சு நிமிஷத்துக்குள்ள எழுத்துல ஒண்ணு. குரல் பதிவு வேண்டாம், மேனேஜர் அதை விருந்தாளிங்க முன்னாடி போட்டுக் கேட்க முடியாது. இவ்வளவு போதும்:

"வணக்கம் சார். பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். வரவேற்பாளர் வேலைக்கு 12-ம் தேதி நேரில் வந்திருந்தேன். இப்போது கூப்பிட்டது நான்தான். இந்த வாரம் முடிவு தெரியுமா என்று கேட்கவே அழைத்தேன். நாளை 4 மணிக்கு ஒருமுறை கூப்பிடலாமா?"

கீழே முழுப் பேர். மேலே பூ படம், காலை வணக்கம் எதுவும் வேண்டாம். "சரி"ன்னு பதில் வந்தா மறுநாள் சரியா நாலுக்குக் கூப்பிடுங்க. நீல டிக் மட்டும் விழுந்து பதில் வரலைன்னா மூணு வேலை நாள் விட்டு, செல்லுக்குப் போடாம விடுதி லேண்ட்லைனுக்குப் போடுங்க.